சீனித்தாய் பேர் வெட்டிய விளக்கு

தூத்துக்குடி
18.1.2024

ஏலே வன்னியபெருமாள்,

நலம் விசாரிக்கிறதைக் கடைசியில வச்சுக்கிடுதேன். மொதல்ல அன்னைக்கு இருந்தவுக பேரைச் சொல்லுதேன், சரியான்னு பாத்துக்க.

1969, ஆவணி மாசத்து முத வெள்ளிக்கிழமை. ஆத்தூர்ல ராஜதுரை வீடு. அக்காவைக் கட்டின ராஜதுரை இருந்தான். அவன் ஆத்தா சிவனணைஞ்சா இருந்தா. தண்ணி இறைக்க வந்த மாடத்தி புறவாசல்ல இருந்தா. அக்காவைக் கொண்டு விடப் போன நீ இருந்த. நம்ம சீனித்தாய் அக்கா இருந்தா, தலையில அடி விழுகிற மட்டும். அவ்வளவுதான். நான் குரும்பூர்ல நெல் அவிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா என் கல்யாணம் நல்லபடியா முடியணும்னு கும்பிடத் திருச்செந்தூருக்குப் போயிருந்தா. கடல்ல குளிக்கையில அவ வெள்ளைச் சேலையை அலை இழுத்துட்டுப் போயிட்டுன்னு, யாரோ குடுத்த பச்சைச் சேலையைச் சுத்திக்கிட்டு வந்தா. தாலி அறுத்துப்போட்டவ பச்சைச் சேலையில வாராளேன்னு தெருவே பாத்துச்சு. கடல் அன்னைக்கே சகுனம் காட்டியிருக்கு, நமக்குத்தான் புரியல.

இப்ப எதுக்கு இதுன்னு கேப்ப. பொங்கல் லீவுக்குப் பேத்தி சண்முகப்ரியா என்னைக் கடற்கரை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கன பழைய பண்டகசாலை ஒண்ணுக்கு வெள்ளையடிச்சு, முத்துக்குளித்துறை வீட்டுப்பொருள் அருங்காட்சியகம்னு போர்டு மாட்டியிருக்கான். உள்ள முத்துச் சலிக்கிற பித்தளைச் சல்லடை, காயல்பட்டினத்து வீட்டுப் பீங்கான், பரங்கிக்காரன் மரப்பெட்டி, வெத்தலைச் செல்லம், எச்சி துப்புற படிக்கம். நம்ம வீட்டுல ஆட்டுக்குத் தவிடு கலக்கின மாதிரி ஒரு உருளி, அதுக்கு மேல லைட்டு. நான் சிரிச்சுக்கிட்டே வாரேன். அப்பம்தான் பாத்தேன்.

அன்னம் வச்ச குத்துவிளக்கு. அஞ்சு முகத்துல ஒண்ணு நசுங்கிக் கிடக்கு. அடியில வெட்டின பேரு தெரியட்டும்னு கீழே ஒரு முகம் பாக்குற கண்ணாடியைப் படுக்க வச்சிருக்கான். சண்முகப்ரியா போன்ல படம் பிடிச்சுத் திருப்பிக் காட்டினா. புள்ளி புள்ளியா, அ. சீனித்தாய். ஏரல் பாத்திரக்கடையில ஆசாரி உளி வச்சுப் பேரு வெட்டையில நான் பக்கத்துல குத்தவச்சுப் பாத்த எழுத்துலே அது.

பக்கத்துல அட்டை: "மங்கல விளக்கு. பித்தளை. திருமணச் சீர்வரிசைப் பொருள். நன்கொடை: பெயர் குறிப்பிட விரும்பாதவர்."

மங்கல விளக்காம்!

பிள்ளை இல்லாம செத்தவ சீரு பொறந்த வீட்டுக்குத் திரும்பணும்னு நம்ம பக்கத்து வழக்கம். பதினாறு கழிஞ்சு மாட்டுவண்டியில எல்லாம் வந்துச்சு. அண்டா வந்துச்சு, தாம்பாளம் வந்துச்சு, கிண்ணி வரைக்கும் வந்துச்சு. விளக்கு மட்டும் ஜோடியில ஒண்ணுதான் வந்துச்சு. "கொன்ன விளக்கை அந்தப் பாவி அமுக்கிக்கிட்டான்"னு அம்மா சாகிற மட்டும் சொல்லிச் சொல்லி அழுதா. வந்த ஒத்தை விளக்கு என்கிட்ட இருக்கு. அம்பத்தஞ்சு வருஷமா ஏத்தினதில்ல. போன மாசம் வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்ப மகன் டிவியைத் தூக்கினான், நான் விளக்கைத் தூக்கினேன்.

இப்ப ராஜதுரை வீட்டுக்காரன் பேரைச் சொல்லாம கொண்டு குடுத்திருக்கான். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். அந்த அட்டையைக் கிழிச்சுட்டு, இந்த விளக்கால ஒரு பொம்பளையை அடிச்சுக் கொன்னான், கொன்னவன் பேரு இதுன்னு எழுதணும். நான் சாகிறதுக்குள்ள எழுதணும். பாத்தவன்ல வாய் பேசக்கூடியவன் நீ ஒருத்தன்தான் மிச்சம். எழுதிக் குடு.

உன் குரலைக் கேக்க மாட்டேன்னு அம்மா பொணத்து மேல சத்தியம் பண்ணினவ நான். முப்பது வருஷமாக் காப்பாத்துதேன். எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணல.

உன் முழங்கால் எப்படி இருக்கு? வலிக்கட்டும். மருந்தைப் போடு.

வடிவம்மாள்


மும்பை, தாராவி
9.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வன்னியபெருமாள் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். வெள்ளத்தை டிவியில் பார்த்தபோது மனசு பதறியது. ஆத்தூர்ப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போனதைக் காட்டினார்கள். நீ பத்திரம் என்று உன் மகன் சொன்ன பிறகுதான் சாப்பிட்டேன்.

அக்கா, விளக்கு விஷயம். பெரியக்கா போய் அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அந்தக் கண்ணாடிக்குள் இருந்தால் இனி யார் கையும் அதைத் தொடாது. அது நல்லதுதானே? அட்டையில் என்ன எழுதியிருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா படம் இன்னும் உன் வீட்டில்தான் மாட்டியிருக்கிறதா? வெள்ளத்தில் நனையவில்லையே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி வன்னியபெருமாள்


தூத்துக்குடி
20.2.2024

அருங்காட்சியகத்து ஆபீசருக்கு,

நல்லா இருப்பீய. நான் அஞ்சாம் வகுப்புதான். எழுத்துப்பிழை இருக்கும், பொய் இருக்காது.

நீங்க மூணாம் நம்பர் கண்ணாடிக்குள்ள வச்சிருக்க விளக்கு எங்க அக்கா சீனித்தாயோடது. அவ புருஷன் ராஜதுரை அதைத் தலைகீழாப் பிடிச்சு அவ உச்சந்தலையில அடிச்சான். ஒரு முகம் நசுங்கியிருக்குல்லா, அது அவ மண்டையோடு பட்டு நசுங்கினது. பித்தளையே நசுங்கிச்சுன்னா தலை என்னத்துக்கு ஆகியிருக்கும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. கிணத்தடியில வழுக்கி விழுந்தான்னு ஊருக்குச் சொல்லி, மறுநாள் விடியுமுன்ன எரிச்சுட்டான். எங்களுக்குச் சாம்பல்தான் காட்டினான்.

மங்கல விளக்குன்னு எழுதினதை எடுங்க. குடுத்தவன் பேரைச் சொல்லுங்க. எடுக்கலன்னா நான் வந்து எடுப்பேன்.

அய்யாக்குட்டி மக வடிவம்மாள்


6.3.2024

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். படித்துவிட்டு நான் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

நன்கொடையாளர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என எழுதித் தந்திருப்பதால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அட்டையை மாற்ற நேரில் பார்த்த ஒருவரின் கையொப்பமிட்ட வாக்குமூலம் வேண்டும். அது கிடைத்தால் எங்கள் குழுவிடம் நானே பேசுகிறேன். விளக்கைச் சுற்றி வந்த பழைய துணி ஒன்றையும் பாதுகாத்து வைத்திருக்கிறோம். நேரில் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
விஜிலா
காப்பாட்சியர்


தூத்துக்குடி
25.3.2024

ஏலே,

நாங்க சுகம். உன் சுகத்தைப் பத்தி அப்புறம்.

மியூசியத்துப் பிள்ளை விஜிலா மரியாதையா எழுதியிருக்கா. விளக்கு சுத்தி வந்த துணியைக் காட்டுதாளாம். துணி எனக்கு எதுக்கு? நேர்ல பாத்தவன் கையெழுத்து வேணுமாம். உன்னைத்தான் சொல்லுதா. நீயோ அம்மா படம் நனைஞ்சுதான்னு கேக்க. நனையல. தினம் பூ வைக்கேன். அந்தப் படத்தைப் பாத்துத்தான் எனக்குத் தெம்பு.

சரி, குடுத்தவன் வாயாலயே வாங்குவோம்னு ஆத்தூருக்குப் பஸ் ஏறிட்டேன். வெள்ளம் போன வீட்டுல சுவர்ல ஆள் உசரத்துக்குச் சேத்துக்கோடு. வாசல்ல ராஜதுரை மருமக முத்துச்செல்வி நின்னா, ரெண்டாம் பெண்டாட்டி மகனைக் கட்டினவ.

"யாரு ஆச்சி?"ன்னா.

"உன் மாமனுக்கு மொதல்ல ஒருத்தியைக் கட்டிவச்சாகளே, தெரியுமா?"

"கிணத்தடியில வழுக்கி விழுந்து செத்தாகளே, அவுகளா?"

"ஆமா. வழுக்கி விழுந்தவ தங்கச்சி நான்."

அவ வழியை விட்டா.

இரும்புக் கட்டில்ல கிடக்கான்லே. எம்பத்தஞ்சு வயசு. மூத்திரப் பை தொங்குது. கண்ணு மட்டும் அப்படியே. என்னைப் பாத்ததும், "வடிவா?"ன்னான். வடிவாவாம். மச்சினியைச் செல்லம் கொஞ்சுதான். நான் செருப்பைக் கழட்டினேன். தாடையில ஒண்ணு போட்டேன். பல்செட் தெறிச்சு மூத்திரப் பை மேல விழுந்துச்சு. "மங்கல விளக்காலே?"ன்னு இன்னொண்ணு. அப்புறம்தான் அந்த மருமக, "ஐயோ ஆச்சி, விடுங்க"ன்னா. முத அடிக்கு அவ வாய் திறக்கலங்கிறதை நீ கவனிக்கணும்.

அவன் பொக்கை வாயோட சொல்லுதான், "விளக்கை நான் குடுக்கல. அன்னைக்கே உங்க ஆத்தா சேலையில கட்டிக் கொண்டு போயிட்டா."

திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டவ எப்படிலே ஆத்தூர்ல விளக்கைக் கட்டுவான்னு மூணாவதும் போட்டேன். மூக்குல ரத்தம் வந்துட்டு. அதோட சிரிக்கான். "உன் தம்பிட்டக் கேளு"ன்னான்.

கேட்டாச்சு. செத்த தாய் மேல பழி போடுதான், நீ கேட்டுக்கிட்டு இருக்கப் போறியா? அன்னைக்குத்தான் கையைக் கட்டிக்கிட்டு நின்ன. இப்பவாவது அந்தக் கையால எழுது.

வடிவம்மாள்


தூத்துக்குடி
10.5.2024

ஏலே வன்னியபெருமாள்,

நாப்பத்தாறு நாளாச்சு. தாராவியில தபால்காரன் செத்துட்டானா, நீ செத்துட்டியா? நீ செத்திருந்தா எனக்குத் தகவல் வந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை நம்ம வீட்டுக்கு வந்தா அக்கா. ரெண்டு விரலை ஒடிச்சு விட்டிருந்தான். அன்னைக்கும் மறுநாளும் என் பக்கத்துலதான் படுத்திருந்தா. "ஏளா வடிவு, இனிமே போக மாட்டேன்"னு சொன்னா. வெள்ளிக்கிழமை நான் கண்ணு முழிக்கையில பாய் காலி. "அவளா மனசு மாறித் தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டா"ன்னு நம்ம வீட்டுல நின்ன வேலைக்காரி சொன்னா, அம்மா சொல்லிட்டுப் போனாளாம். எங்கிட்டச் சொல்லாமப் போயிட்டாளேன்னு அக்கா மேலயும் எனக்குக் கோவம்தான். செத்தவன்னு விடல. ஆனா நீ அவளைக் கொண்டுபோய் அந்தக் கொலைகாரன் வாசல்ல விட்டியே, அந்தக் கோவம் அதை விடப் பெருசு.

எழுதுதியா இல்லையா?

சாப்பாடு ஒத்துக்கிடுதா? மாத்திரையை நிறுத்தாத.

வடிவம்மாள்


மும்பை
28.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

நாலு தடவை எழுதி நாலையும் கிழித்தேன். அதனால்தான் தாமதம். உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த விளக்கை விட்டுவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். அம்மா படத்துக்கு நீ தினமும் பூ வைக்கிறாய். அது போதும் எனக்கு. அது அப்படியே இருக்கட்டும்.

தம்பி


தூத்துக்குடி
20.6.2024

ஏலே,

இதை இடது கையால எழுதுதேன். வலது கையில ஏழு தையல்.

உன் கடுதாசி வந்த மூணாம் நாள் என் ஒத்தை விளக்கை மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டு மியூசியத்துக்குப் போனேன். வாசல்ல ஞானதீபம்னு ஒரு காவல்காரர், ஹார்பர்ல வேலை பாத்து ஓய்வானவராம்.

"ஆச்சி, பையை இங்கன வச்சிட்டுப் போங்க"ன்னார்.

"மருந்து இருக்கு அண்ணாச்சி, நேரத்துக்குத் திங்கணும்"ன்னேன். பாவம், நம்பிட்டார்.

மூணாம் நம்பர் கண்ணாடி முன்னால போய் விளக்கை வெளிய எடுத்தேன். ராஜதுரை எப்படிப் பிடிச்சிருப்பானோ அப்படியே தலைகீழாத் தண்டைப் பிடிச்சேன். அந்தக் கனம் கையில ஏறுச்சு பாரு, அப்பத்தான் தெரிஞ்சுச்சு, தெரியாம அடிக்கக்கூடிய சாமான் இல்ல இது. தோள் வரைக்கும் தூக்கணும். தூக்கினப்புறமும் கீழ வைக்க நேரம் இருக்கு. அவன் வைக்கல. நானும் வைக்கல. ஒரே அடி. கண்ணாடி பூராவும் சடசடன்னு என் காலடியில கொட்டிச்சு. கையை உள்ள விட்டு அக்கா விளக்கை இழுத்தேன். மணிக்கட்டுக்கு மேல கிழிஞ்சுட்டு. என் ரத்தம் அந்த நசுங்கின முகத்துல போய்த் தேங்கி நின்னுச்சு, எண்ணெய் ஊத்தின மாதிரி.

ஞானதீபம் ஓடியாரார். "ஏ ஆச்சி! மியூசியம் இது!"

"தெரியும்யா. கொலை விளக்குன்னு போர்டு போட்டிருந்தா நான் எதுக்கு உடைக்கேன்?"

ரெண்டு விளக்கையும் மடியில வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன். அம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஜோடி சேந்துச்சு. போலீசைக் கூப்பிடவான்னு அவர் கேட்டார். அந்த விஜிலா வேண்டாம்னுட்டா. முப்பது வயசு இருக்கும், மணப்பாட்டுப் பிள்ளை. தன் துப்பட்டாவை என் கையில சுத்திக் கட்டிட்டு, "ஆச்சி, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னுதானே எழுதினேன், வராம இருந்துட்டியளே"ன்னு இரும்பு பீரோவைத் திறந்து ஒரு துணியை எடுத்தா.

வெள்ளைச் சேலை. பாதிக்கு மேல கருப்பாக் காஞ்சு மொடமொடன்னு இருக்கு. அது என்னதுன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா முந்தியில நீல நூலால ஒட்டுத் தையல், கோணல் மாணலா. வெள்ளை நூல் இல்லன்னு நீல நூலால தைச்சேன், "விதவை சேலையில கலரு வச்சுட்டியே, கூறுகெட்டவளே"ன்னு அம்மா தலையில கொட்டினா. தச்சது நான். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை.

கடல் கொண்டு போன சேலைலே அது.

யாரு குடுத்தான்னு கேட்டேன். சொல்லக்கூடாது ஆச்சின்னா. எந்த ஊரு, அதையாவது சொல்லுன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மும்பையிலருந்து வந்தார்"ன்னா.

இப்ப நீ எழுதுவ.

வடிவம்மாள்


மும்பை
14.7.2024

அக்கா,

இந்தத் தடவை நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நீ முதல் கடிதத்தில் எழுதிய பேர்களில் ஒரு பேர் விட்டுப்போயிருக்கிறது. அது உன் ஞாபகத்தின் தப்பு இல்லை. நீ அங்கே இல்லை. அம்மா சொன்னதைத்தான் நீ ஞாபகம் வைத்திருக்கிறாய்.

அம்மா திருச்செந்தூருக்குப் போகவே இல்லை. விடியக்காலம் நீ தூங்கும்போது பெரியக்காவை எழுப்பி, சத்தம் போடாதே, வடிவு முழித்துவிடுவாள் என்று வாயைப் பொத்திக் கூட்டி வந்தாள். ஒரு கையை அம்மா பிடித்திருந்தாள். இன்னொரு கையை நான் பிடித்திருந்தேன். அது விரல் ஒடிந்த கை. பெரியக்கா வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள், "மெதுவாப் பிடிலே." "உன் தங்கச்சிக்கு இன்னும் இருபது நாள்ல கல்யாணம். மூத்தவ வாழாவெட்டின்னா எவன் தாலி கட்டுவான்?" என்று அம்மா சொன்னாள்.

பத்தரை மணிக்கு ராஜதுரை கேட்டான், "நீயா வந்தியா, ஆத்தா கூட்டிட்டு வந்தாளா?" அம்மாவும் சிவனணைஞ்சாளும் கூடத்தில் வெத்தலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "இழுத்துட்டு வந்தாக. நான் நாளைக்குத் திரும்பவும் போயிருவேன்" என்றாள். அக்கா, பயமே இல்லாமல் சொன்னாள். அவன் பக்கத்திலிருந்த விளக்கை எடுத்தான். மூணு அடி. ரெண்டாவது அடியில் உட்கார்ந்தாள். மூணாவதில் சாய்ந்தாள்.

இனி எழுதுவதைத்தான் நான் உன்னிடமிருந்து ஒளித்தேன். பெரியக்கா அப்போது சாகவில்லை. நாலு மணி வரைக்கும் உயிர் இருந்தது. அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வண்டி பிடிக்கப் போகிறேன், தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று வாசல் வரை போனேன். அம்மா கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வரும். போலீசு வந்தா வடிவு கல்யாணம் நின்னுரும். உள்ள வா. கதவைச் சாத்து."

நான் கதவைச் சாத்தினேன்.

பெரியக்கா முனகினாள். தெருவுக்குக் கேட்கும் என்று அம்மா முந்தானையைச் சுருட்டி அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு கையால் அழுத்தினாள், ஒரு கையால் தலையைத் தடவினாள். அழுதுகொண்டுதான் இருந்தாள். தண்ணீர் என்று கேட்டது போல இருந்தது. மாடத்தி சொம்போடு வந்தாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாலு மணிக்கு அடங்கிவிட்டது.

அம்மா எழுந்து, பெரியக்கா பெட்டியிலிருந்து உடுத்தாத பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தன் சேலையில் விளக்கைச் சுற்றி என்னிடம் கொடுத்து ஆற்றில் போடச் சொன்னாள். பாலத்தில் நின்று ரெண்டு தடவை தூக்கினேன். போட முடியவில்லை. போட்டால் பெரியக்கா வழுக்கி விழுந்தவளாகவே ஆகிவிடுவாள். குரும்பூரில் பனங்காட்டுக்குள் புதைத்து, உன் கல்யாணம் முடிந்து பம்பாய்க்கு வரும்போது தோண்டி எடுத்து வந்தேன். இவ்வளவு காலம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. நான் செத்தால் பிள்ளைகள் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் தூத்துக்குடிக்கு வந்தேன், உன் தெரு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அடியில் பேர் வெட்டியிருந்தது எனக்குத் தெரியும். கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள் என்று தெரியாது.

அம்மா செத்தபோது நீ என்னைக் காறித் துப்பினாய், "பாத்துக்கிட்டு நின்ன பாவி" என்று. நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டேன். உனக்கு அம்மாவாவது மிஞ்சட்டும் என்று இருந்தேன்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு விஜிலாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எல்லார் பேரும் அதில் இருக்கிறது. என் பேரும்.

வன்னியபெருமாள்


தூத்துக்குடி
2.9.2024

தம்பி வன்னியபெருமாளுக்கு,

நான் இருக்கேன். தையல் பிரிச்சாச்சு. உன் நெஞ்சுவலிக்கு என்ன சொல்லுதாங்க? இதை நான் முதல்ல கேக்கேன், பாத்துக்க.

உன் கடுதாசி வந்து நாப்பது நாளுக்கு மேல ஆச்சு. ராஜதுரை ஆடி அமாவாசைக்கு மறுநாள் செத்தான். முத்துச்செல்வி போன் பண்ணிச் சொன்னா. நான் அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. மூணு அடி அவன் அடிச்சான், மூணு அடி நான் அடிச்சேன். அவன் எனக்கு இனி ஒண்ணும் இல்ல. சிவனணைஞ்சா மண்ணாப் போனா. மாடத்தி சொம்பை எடுத்துட்டு வந்தாளே, அது போதும், அவ பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும். அக்கா மேல வச்சிருந்த கோவத்தை எடுத்துட்டேன். அவளா போகலன்னு தெரிஞ்சுபோச்சு. வாயைப் பொத்தாம இருந்தா என்னை எழுப்பித்தான் இருப்பா.

நீ கதவைச் சாத்தின. அதை நான் மறக்க மாட்டேன், செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா அந்த விளக்கை நீ ஆத்துல போடல. சாத்தின கதவை நீதான் திறந்தும் விட்டிருக்க. உன் குரலைக் கேக்க மாட்டேன்னு நான் பண்ணின சத்தியம் யாரு பொணத்து மேல பண்ணினது? அது செல்லாது. போன் நம்பரை எழுது. காது கேக்காது, கத்திப் பேசு.

அம்மா படத்தைக் கழட்டிட்டேன். சுவர்ல சதுரமா வெள்ளையாத் தெரியுது. சண்முகப்ரியா கேட்டா, "என்ன ஆச்சி, பூட்டி படத்தைக் காணோம்?" வெள்ளம் கொண்டு போயிட்டுன்னேன். சொன்ன பிறகு எனக்கே திக்குனு ஆகிட்டு. கடல் கொண்டு போச்சுன்னு அவ சொன்ன மாதிரியே வந்துச்சு என் வாயில. உடனே பேத்தியை உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

என் கல்யாணத்துக்காகத்தான் செஞ்சாளாம். பதினாறு முடிஞ்ச அஞ்சாம் நாள் என் கழுத்துல தாலி. என்னைக் கட்டின மனுசன் தங்கமானவர். மூணு பிள்ளை, ஏழு பேரப்பிள்ளை. எல்லாம் அந்த முந்தானையை அழுத்தின கையில இருந்து வந்திருக்கு. என்கிட்டக் கேட்டிருந்தா, கல்யாணம் வேண்டாம், அக்காவைத் தூக்குன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? நாப்பது நாளா இதைத்தான் யோசிச்சேன். இருபது வயசு. கூறைச் சேலை எடுத்தாச்சு. சொல்லியிருப்பேன்னு சத்தியம் பண்ண முடியலலே. இனி பண்ணவும் முடியாது. அந்தக் கேள்வியை என் தலையில ஏத்தி வச்சுட்டு அவ பாட்டுக்குச் செத்துப் போனா.

நேத்து மியூசியத்துக்குப் போனேன். விஜிலா புது அட்டை எழுதி வச்சிருந்தா. படிச்சுக் காட்டினா. "இந்த விளக்கு சீனித்தாயின் சீர்வரிசைப் பொருள். 22.8.1969 அன்று ஆத்தூரில் அவர் கணவர் ராஜதுரை இதனால் தாக்கியதில் அவர் உயிரிழந்தார் என, உடனிருந்த தம்பி எழுதித் தந்துள்ளார்." குழுவுல சண்டை போட்டு வாங்கினாளாம். என் ஒத்தை விளக்கையும் பக்கத்துல வைக்கச் சொல்லிக் குடுத்துட்டேன். ஞானதீபம் அண்ணாச்சி புதுக் கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "கெட்டிக் கண்ணாடி ஆச்சி, சொல்லி வைக்கேன்"ன்னார்.

விஜிலா மட்டும் தயங்கித் தயங்கி நின்னா. "என்னளா?"ன்னேன். "கீழ, உடனிருந்தவர்கள்னு ஒரு வரி போடணும் ஆச்சி. உங்க தம்பி ஆறு பேரு எழுதியிருக்கார். நாலு பேரு, உங்க அக்காவையும் சேத்து அஞ்சு பேரு மட்டும் போடவா? மிச்சம் ஒரு பேரு உங்க இஷ்டம்"னா. ஜனவரியில உண்மையை எழுதுன்னு குதிச்சவ நான்தானே. பேனாவைக் குடுன்னு வாங்கி நானே எழுதினேன், அஞ்சாம் வகுப்பு எழுத்துல. அந்த வரி அச்சுல வராது, என் கையெழுத்திலயே இருக்கும். ராஜதுரை. சிவனணைஞ்சாள். மாடத்தி. வன்னியபெருமாள். சீனித்தாய். அதுக்கு அடுத்தாப்ல, நான் மன்னிக்காத ஒருத்தி.

பேராச்சி. எங்க அம்மா.